மரியாதையாய்ச் சில கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: மரியாதை, ஒழுக்கம், பண்பு, நாகரிகம். பள்ளி விடுமுறை முடிகிற சமயம், பிள்ளைகள் வீட்டிலேயே கிடந்ததன் பாதிப்பாக இருக்கலாம். ஜாதகம் அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் வேறு ஆள்.

கேள்வி: என் மகன் படிவம் மூன்று படிக்கிறான். "பெரியவங்ககிட்ட மரியாதையா பேசு" என்றால், "அது தமிழே இல்லம்மா, மதிப்புன்னு சொல்லணும்" என்று என்னையே திருத்துகிறான். மாமனாரும் அவன் பக்கம். மரியாதை தமிழ்ச் சொல்லா, இல்லையா? அதற்கு உண்மையில் என்னதான் பொருள்?
(வாசகி, செந்தூல்)

வரலாறு என்ற அளவில் பையன் சொல்வது சரி. வடமொழியில் 'மர்யாதா'வாக இருந்தது இங்கே வந்து மரியாதை ஆனது. 'ர்யா' தமிழ் வாய்க்கு ஒட்டாது, அதனால் நடுவில் ஓர் இகரத்தைச் செருகிக்கொண்டோம், கடைசி ஆகாரத்தை ஐகாரமாக்கினோம். கதா கதையானதும் சபா சபையானதும் இப்படித்தான். அதற்காக அதைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் 'மதிப்பை' உட்கார வைத்தால் வேலை நடக்காது அம்மா, இரண்டும் ஒன்றில்லை. மதிப்பு மனசுக்குள் இருப்பது, இவர் இவ்வளவு பெறுவார் என்று நாமே எடைபோட்டு வைத்திருக்கும் கணக்கு. மரியாதை வெளியில் தெரிவது. மேலாளர் மேல் துளிகூட மதிப்பில்லாமல் வருடக்கணக்காக அவரிடம் மரியாதையாக நடந்துகொள்கிறவர்கள் இந்தக் கோலாலம்பூரில் எத்தனை பேர்! உங்கள் மகனும் தாத்தாவை மனசுக்குள் எப்படி வேண்டுமானாலும் எடைபோட்டுக்கொள்ளட்டும், அவர் பேசும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், அதற்குப் பெயர் மரியாதை.

இனி பொருள். வடமொழியில் மர்யாதா என்றால் முதலில் எல்லை. ஊர் எல்லை, கடலின் கரை, இவையெல்லாம் மர்யாதாதான். கடல் எவ்வளவு பொங்கினாலும் தன் மர்யாதையைத் தாண்டாது என்று பாடுவது அந்த மொழிப் புலவர்களுக்குக் கைவந்த வழக்கு. ராமனை மர்யாதா புருஷோத்தமன் என்கிறார்களே, ஊரார் கும்பிட்டதால் கிடைத்த பட்டமில்லை அது. மகனாகவும் அண்ணனாகவும் அரசனாகவும் தனக்கிருந்த எல்லையைத் தாண்டாதவன் என்று அர்த்தம். (தாண்டினானா இல்லையா என்று வாலியும் சீதையும் கேட்பார்கள், அது தனிப் பட்டிமன்றம்.)

இந்தப் பழைய பொருள் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், நாம் கோபப்படும்போதெல்லாம் அது எழுந்து வருகிறது. "மரியாதையா வெளிய போ" என்று கத்துகிறோம். கத்துகிறவரிடமும் பணிவு கிடையாது, வெளியே போகிறவர் யாருக்கும் வணக்கம் வைத்துவிட்டுப் போகப் போவதுமில்லை, அப்புறம் அங்கே மரியாதைக்கு என்ன வேலை? எல்லை என்று வைத்துப் பாருங்கள், சரியாகப் பொருந்தும்: இதுவரைதான், இதற்கு மேல் போனால் நானும் என் வரம்பைத் தாண்டுவேன். "மரியாதை கெட்டுடும்" என்பதும் அதே மிரட்டல்தான். உங்கள் பக்கத்து வீட்டில் மலையாளிகள் இருந்தால் காது கொடுத்துக் கேளுங்கள், ஆட்டம் போடும் குழந்தையை "மரியாதைக்கு இரி" என்பார்கள். ஒழுங்காக உட்கார் என்று பொருள், யாருக்கும் வணக்கம் போடச் சொல்லவில்லை. தெலுங்கர்களிடம் அதே சொல் விருந்தாளியை உபசரிக்கிற பக்கம் போய்விட்டது.

நாம் அதைக் கொண்டுபோன பக்கம்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். தமிழில் மரியாதை கொடுக்கல் வாங்கல் ஆகிவிட்டது. மரியாதை கொடு, மரியாதை எதிர்பார்க்கிறேன், எனக்கு மரியாதை இல்லாத இடத்தில் நான் சாப்பிட மாட்டேன். கோயிலில் பரிவட்டம் கட்டி மாலை போடுவதற்கே கோயில் மரியாதை என்று பெயர், அதில் யாருக்கு முதலிடம் என்று தமிழ்நாட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள். நாமும் சளைத்தவர்களில்லை. ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் பார்த்தேன், அறிவிப்பாளர் டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்று இறங்குவரிசையில் பெயர் படித்துக்கொண்டே வந்தவர் முன்வரிசைக்காரர் ஒருவரின் பெயரைப் படித்தார், பட்டத்தை விட்டுவிட்டார். அந்த மனிதர் எழுந்தார், கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார், மனைவியைப் பார்த்து "வா" என்றார், போய்விட்டார். அந்த அம்மா பாதி குடித்த தேநீரை என்ன செய்வது என்று தெரியாமல் கோப்பையோடு நடந்தார். தன் வரம்பில் நிற்பது என்று பொருள்பட்ட ஒரு சொல், அடுத்தவன் எனக்குச் செலுத்த வேண்டிய பாக்கி என்று மாறினால் இப்படித்தான் ஆகும்.

அதனால் பையன் "மரியாதைன்னா என்ன" என்று அடுத்த முறை கேட்டால், பெரியவர்களுக்குக் கொடுப்பது என்று சொல்லாதீர்கள். நீ தாண்டாமல் நிற்கிற கோடு என்று சொல்லுங்கள். மாமனாரும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது, அந்தக் கோடு அவருக்கும்தான்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. எங்கள் மலாய் மேற்பார்வையாளர் வாயைத் திறந்தால் 'புடி பஹாசா' என்பார். புத்தி, பாஷை என்று நம் சொல் மாதிரியே கேட்கிறதே, தற்செயலா?
(வாசகர், பினாங்கு)

தற்செயல் இல்லை. அவர் சொல்வது நன்னடத்தையை. புத்திதான் புடி, பாஷைதான் பஹாசா. இரண்டும் வடமொழியிலிருந்து மலாய்க்குப் போனவை. ஆனால் போன இடத்தில் வேறு குடித்தனம். புத்தி நம்மிடம் மூளையிலேயே தங்கிவிட்டது, அங்கே புடி நெஞ்சுக்கு இறங்கி நல்ல குணம், செய்த உதவி என்று ஆனது. 'ஹுத்தாங் புடி' என்றால் நாம் சொல்கிற நன்றிக்கடன். பஹாசா மொழி என்பதோடு நடத்தையும் ஆகிவிட்டது. ஒருவருக்கு 'பஹாசா தெரியவில்லை' என்று மலாய்க்காரர் சொன்னால் இலக்கணத்தைச் சொல்லவில்லை, பழகத் தெரியவில்லை என்கிறார். பழைய பந்துன் ஒன்று, மலாய் நாலடிப் பாட்டு, எல்லாரும் பள்ளியில் படித்திருப்போம்: "யாங் கூரிக் இத்து குண்டி, யாங் மேரா இத்து சாகா, யாங் பாயிக் இத்து புடி, யாங் இண்டா இத்து பஹாசா." புள்ளி விழுந்தது ஒரு மணிவிதை, சிவந்தது இன்னொரு மணிவிதை, நல்லது புடி, அழகானது பஹாசா, அவ்வளவுதான். நன்னடத்தையைப் பாடுகிற அந்தச் செய்யுளின் முதல் வரியிலேயே தமிழ்ப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதும், மலாய் ஆசிரியைக்குக் காரணம் புரியாமல் போவதும் இந்த நாட்டுக்கே உரிய சோகம்.

உங்கள் மேற்பார்வையாளரிடம் 'ஹோர்மாட்' என்ற சொல்லையும் கவனியுங்கள். மரியாதைக்கு மலாயில் அதுதான். அரபிலிருந்து வந்தது, ஹராம் என்ற சொல்லுக்குக் கூடப்பிறந்தது. மீறக்கூடாதது, தொடக்கூடாதது என்பதுதான் அந்த வேர். செந்தூல் அம்மாவுக்கு மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். வடமொழியில் எல்லை, அரபில் மீறக்கூடாதது, இரண்டு தனித்தனி வழியில் கிளம்பி ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதைவிடச் சுவையான சங்கதி இந்த மாதம் எனக்கு அகப்படவில்லை.

நம் மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாட்டில் நன்னடத்தைக்குப் பக்கத்தில் 'கெசுசிலாஆன்' என்று வரும், ஞாபகமிருக்கிறதா? 1969 மே கலவரத்துக்குப் பிறகு 1970 ஆகஸ்டு 31இல் அறிவித்தது. அதற்குள் ஒளிந்திருப்பது சுசீலம், நம் வீட்டுச் சுசீலாக்களின் பெயர். நெகாரா அதைவிட வேடிக்கை: வடமொழி நகரம்தான் மலாயில் நாடாகிவிட்டது. அதே நகரத்திலிருந்துதான் நாம் சொல்கிற நாகரிகமும் வந்தது, நகரத்துக்காரன் பழகுகிற விதம் என்று. அந்த நாகரிகத்துக்கு வள்ளுவர் கொடுத்த பொருளைப் பாருங்கள். 580ஆம் குறள், 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்'. பழகியவர் கண்ணெதிரே நஞ்சை ஊற்றினாலும் முகத்தை முறிக்க மனம் வராமல் குடித்துவிட்டு அமைதியாக இருப்பார்களாம். நற்றிணையிலும் இதே கருத்து உண்டு. எனக்கு இது ரொம்ப அதிகமாகப் படுகிறது, உங்கள் மேற்பார்வையாளர் கலக்கிக் கொடுக்கும் மூன்று கரண்டிச் சர்க்கரைத் தேநீர் வரைக்கும் வேண்டுமானால் கடைப்பிடிக்கலாம்.

கேள்வி: ஒழுக்கம் என்பதும் கூரை ஒழுகுவதும் ஒரே சொல்தான் என்று ஒருவர் மேடையில் பேசினார். உண்மையா, கைதட்டலுக்குச் சொன்னதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்)

உண்மைதான் ஐயா. ஒழுகு என்றால் இடைவிடாமல் ஓடு, வழி. கூரை ஒழுகுவதும் மனிதன் ஒழுகுவதும் ஒரே வினை. ஒழுங்கும் அந்தக் குடும்பம்தான், பள்ளிக்கூடத்தில் நீங்கள் பார்த்த கட்டொழுங்குக்கு உள்ளே இருப்பதும் அதுதான். ஒருநாள் நல்லவனாக இருப்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. நிற்காமல் வழிந்துகொண்டே இருப்பதால்தான் அது ஒழுக்கம்.

மேடைக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, சொன்னால் கைதட்டல் நின்றிருக்கும். பழந்தமிழில் ஒழுக்கம் என்றால் நல்லது மட்டும் இல்லை, நடந்துகொள்கிற எந்த விதமும் ஒழுக்கம்தான். வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பது களவொழுக்கம். கல்யாணம் கட்டி வாழ்வது கற்பொழுக்கம். கட்டியவளை விட்டுப் பரத்தை வீட்டுக்குப் போகிறானே, அதற்கும் புறத்தொழுக்கம் என்று கூசாமல் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றைய நன்னெறிக்கல்விப் பாடநூலில் இதைப் போட முடியுமா? வள்ளுவர் காலத்தில் சொல் மாறிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. 'ஒழுக்கம் விழுப்பந் தரலான்' என்று அதிகாரத்தைத் தொடங்கும்போது ஒழுக்கம் என்று சொன்னாலே நல்லது என்றுதான் பொருள். அதே அதிகாரத்தில் 138ஆம் குறளுக்கு வந்ததும் நல்லொழுக்கம், தீயொழுக்கம் என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பொருளும் ஒரே பத்துக் குறளுக்குள்!

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது பண்பு. கலித்தொகையில், நெய்தல் பாட்டு ஒன்றில் தோழி தலைவனுக்கு வரிசையாகப் பாடம் எடுப்பாள், நடுவில் 'பண்பெனப் படுவது பாடறிந் தொழுகுதல்' என்பாள். பாடு என்பதற்கு உரைகாரர்கள் உலக வழக்கம் என்றும் பெருமை என்றும் பலவாகப் பொருள் சொல்வதுண்டு. எனக்கு அது எதிரில் இருப்பவரின் நிலைமை என்று படுகிறது: அவர் படும் பாடு தெரிந்து நடந்துகொள். இலக்கணப் புலவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

கேள்வி: வாழையிலையை நம் பக்கம் மடிக்கணுமா, எதிர்ப்பக்கமா? பிரிக்பீல்ட்ஸ் கடையில் சீன நண்பர் என்னைத் திருத்துகிறார், மானம் போகிறது.
(வாசகர், பெட்டாலிங் ஜெயா)

உங்கள் பக்கம். மேல் பாதியைக் கீழே கொண்டுவந்து மடியுங்கள், வயிறும் மனசும் நிறைந்தது என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்று இங்கே பலரும் ஒதுக்குவார்கள். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இதில் வித்தியாசம் உண்டு, அதற்காகப் பந்தியில் சண்டை வேண்டாம். பந்தி நடத்தைக்கென்றே நூல் வேண்டுமானால் பதினெண்கீழ்க்கணக்கில் ஆசாரக்கோவை இருக்கிறது, பெருவாயின் முள்ளியார் எழுதியது, 100 வெண்பா. படுத்துக்கொண்டு தின்னாதே, நின்றுகொண்டு தின்னாதே, கட்டில் மேல் தின்னாதே, பெரியவர்களோடு உட்கார்ந்தால் அவர்களுக்கு முன்னால் வாயில் வைக்காதே, அவர்களுக்கு முன்னால் எழாதே, இனிப்பை முதலில் சாப்பிடு, கசப்பைக் கடைசியில் வை. இதில் பாதியை மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) தினமும் மீறுகிறோம். சீன நண்பருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், கணக்குச் சரியாகிவிடும்.

கேள்வி: கடையில் பரிமாறுகிறவரை எப்படிக் கூப்பிடுவது? என் கணவர் "டேய் தம்பி" என்கிறார், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.
(வாசகி, ஜார்ஜ்டவுன்)

கூச்சப்படுங்கள், சரியான இடத்தில்தான் படுகிறீர்கள். மலாய்க்காரரும் சீனரும் மாமாக் கடையில் கையைத் தூக்கி 'ஆனே' என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அது நம் அண்ணேதான், ணகரம் வராமல் தேய்ந்து போனது. அவர்கள் நம் மொழியில் அண்ணன் என்று கூப்பிடுகிற ஆளை நாம் 'டேய்' போட்டுக் கூப்பிடுவது என்ன கணக்கு? இதில் இன்னொன்றும் இருக்கிறது. பரிமாறுகிற பையன் பெரும்பாலும் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவன், கடையிலேயே தங்கி, பகல் முழுக்க நின்ற காலோடு இருப்பவன். தோழி சொன்ன பாடறிதல் அங்கே வேண்டும். வயசில் சின்னவன் என்றால் தம்பி போதும், அந்த 'டேய்' எதற்கு? உடன்பிறந்தவனை 'டேய்' என்பது உரிமை, அந்த உரிமையை அவன் உங்கள் கணவருக்குக் கொடுக்கவில்லை. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களைப் பற்றி நான் எழுதவே போவதில்லை, எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கேள்வி: மலாயில் 'தோலோங்' இருக்கிறது, ஆங்கிலத்தில் ப்ளீஸ் இருக்கிறது. தமிழில் ஏன் ஒன்றுமில்லை? நம் முன்னோர் கேட்டு வாங்கவே மாட்டார்களா?
(கல்லூரி மாணவி, கோலாலம்பூர்)

இருக்கிறது, தனிச் சொல்லாக இல்லாததால் உங்கள் கண்ணில் படவில்லை. 'தயவுசெய்து' என்று ஒன்று வைத்திருக்கிறோம், அது அறிவிப்புப் பலகைக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும்தான் ஆகும், வீட்டில் "தயவுசெய்து உப்பை எடுங்கள்" என்றால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். நாம் பணிவை வினைச்சொல்லின் வாலில் ஒட்டுகிறோம். கொடு, கொடேன், கொடுங்க, கொடுங்களேன், கொடுக்கிறீங்களா, கொடுக்க முடியுமா, ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு குழைவு. அந்த 'ஏன்' இருக்கிறதே, அதில் கட்டளையும் இல்லை கெஞ்சலும் இல்லை. அப்புறம் 'கொஞ்சம்'. எல்ஆர்டி ரயிலில் வாசலை மறித்து நிற்பவரிடம் "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்கிறோம். அவர் முழுசாகத்தான் தள்ள வேண்டும், கொஞ்சம் தள்ளினால் நாம் இறங்க முடியாது, ஆனாலும் கேட்பது கொஞ்சம்தான். கேட்கிற பாரத்தைக் குறைத்துக் காட்டுகிற அந்தச் சொல்லைவிட நல்ல ப்ளீஸ் எனக்குத் தெரியவில்லை.

வேறு மொழிக்காரர் காதுக்கு இந்த வால்கள் விழாது. தமிழர் அதட்டுகிறார்கள் என்று அவர்கள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம், வீட்டில் 'எடுங்களேன்' என்கிற ஆள் மலாயில் பேசும்போது அந்த வாலை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் வெறும் 'அம்பில்' (எடு) என்று சொல்லிவிடுவார், எதிரில் இருப்பவர் முகம் சுருங்கும். மலாயில் பேசும்போது தோலோங் போடுங்கள். தமிழில் பேசும்போது அந்த 'ஏன்' இருந்தாலே போதும்.